பந்தி வஞ்சனை: அரசு நிதிக்குழு நியமனங்களில் கட்சி சார்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஒரு சின்ன வாயனசாலைக்கு, அதாவது படிப்பகத்துக்கு, செயலாளராக இருக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் பேச்சு தமிழ்தான். ஆபீஸ் வாசலில் மலையாளம். நூலகம், கும்மிக் குழு, நாடகக் குழு என்று ஏதாவது நடத்துகிறவர்கள் அரசு உதவிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் கிடைக்காமல் திரும்பி வரும்போது, "அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பது யார், அவரை யார் போட்டது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மூணாறு, வண்டிப்பெரியார் பக்கத்துச் சொந்தக்காரர்களும் இதையே கேட்கிறார்கள். பல வருடங்களாக வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நிதிக்குழு என்று எதைச் சொல்கிறீர்கள்?

அரசு ஒரு காரியத்துக்குப் பணம் ஒதுக்குகிறது. யாருக்கு எவ்வளவு என்பதை அமைச்சரே உட்கார்ந்து பிரித்தால் அது தன் ஆட்களுக்குக் கொடுத்ததாகத்தான் முடியும். அதனால் நடுவில் ஒரு குழுவை வைக்கிறார்கள். கேரள சாகித்ய அகாதமி (1956), சங்கீத நாடக அகாதமி (1958), ஓவியம், சிற்பத்துக்கான லலிதகலா அகாதமி (1962), திரைப்படத்துக்கான சலச்சித்ர அகாதமி (1998) எல்லாம் இந்த வகை. நூலகங்களுக்கு மானியம் தரும் மாநில நூலக கவுன்சில், சிறுபான்மையினருக்கும் பிற்பட்டோருக்கும் கடன் தரும் நிதிக் கழகங்கள் ஆகியவையும் இதில் சேரும். பெயர் அகாதமி, கவுன்சில், போர்டு, கார்ப்பரேஷன் என்று மாறும். வேலை ஒன்றுதான்: பொதுப் பணத்தைப் பந்தியில் பரிமாறுவது.

நம் ஊரில் பந்தி வஞ்சனை என்று ஒரு சொல் உண்டு. ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களில் ஒரு இலைக்கு நெய்யும் இன்னொரு இலைக்கு வெறும் சோறும் போடுவது. சாப்பாட்டு விஷயத்தில் இதைப் பெரும் பாவம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அரசுப் பணத்துக்கும் அந்தச் சொல் அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கட்சிக்காரர் ஒருவர் உறுப்பினரானாலே அது பாரபட்சம்தானா?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் கட்சி இல்லாத ஆளைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் முதல் பால் சொசைட்டித் தலைவர் வரை எல்லோருக்கும் ஒரு கொடி உண்டு. நல்ல வாயனசாலைகள் பலவற்றை வளர்த்தவர்கள் கட்சி ஊழியர்கள்தான். ராத்திரி கட்சிக் கூட்டம் முடிந்து, அதே கையோடு புத்தகத்துக்கு அட்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கட்சிக்காரர்கள் என்று ஒதுக்கினால் நஷ்டம் ஊருக்குத்தான்.

நான் பாரபட்சம் என்று சொல்வது வேறு. பதவி காலியாக இருப்பதே வெளியே தெரியாமல், கட்சி ஆபீஸில் பேசி முடித்த பெயர் அரசாணையாக வருவது. உறுப்பினர் தன் சங்கத்துக்கே பணம் ஒதுக்கும் கூட்டத்தில் எழுந்து வெளியே போகாமல் உட்கார்ந்திருப்பது. கிடைத்தவருக்கு ஏன் கிடைத்தது, கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு வரிகூட எழுதி வைக்காதது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் தலைவர் எந்தக் கொடி பிடித்தால் என்ன?

ஆட்சி மாறினால் குழுவும் மாறுகிறதே, அது சட்டப்படி சரியா?

பெரும்பாலும் சரிதான் என்பதுதான் வருத்தமான பதில். நியமன உறுப்பினர்கள் பலர் அரசு விரும்பும் வரை மட்டும் பதவியில் இருப்பவர்கள். ஷாஜஹான்பூர் நகராட்சியின் நியமன உறுப்பினர்கள் பற்றிய வழக்கில் (ஓம் நாராயண் அகர்வால் வழக்கு, 1993) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசியல் காரணத்துக்காக நியமிக்கப்பட்டவரை, சட்டம் இடம் கொடுத்தால், அரசு தன் விருப்பப்படி நீக்கலாம், அதனால் சமத்துவ உரிமை மீறப்படுவதில்லை. வந்த வழியாகவே போகலாம் என்பதுதான் சாரம். ஆளுநர்கள் பற்றிய 2010-ஆம் ஆண்டு பி.பி. சிங்கால் வழக்கில் நீதிமன்றம் கொஞ்சம் கடிவாளம் போட்டது. மத்தியில் ஆட்சி மாறியது என்பது மட்டுமே நீக்கக் காரணமாகாது என்றது. ஆனால் ஆளுநர் பதவி அரசியலமைப்புப் பதவி. அகாதமி உறுப்பினருக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைத்துவிடாது.

கேரளத்தில் இதன் தாளம் எல்லோருக்கும் பழகிப்போனது. 2011-ல் ஐக்கிய ஜனநாயக முன்னணி வந்ததும் பெரும்படவம் ஸ்ரீதரன் சாகித்ய அகாதமித் தலைவரானார். 2016-ல் இடது முன்னணி வந்ததும் வைசாகன் வந்தார். இரண்டு பேருமே மதிக்கத்தக்க எழுத்தாளர்கள், தகுதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் வந்த நேரத்தை மட்டும் பாருங்கள். நல்ல எழுத்தாளர் என்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறுகிற குணமா?

டெல்லியும் விதிவிலக்கு இல்லை. 2015 ஏப்ரலில் மத்திய லலித் கலா அகாதமியின் நிர்வாகத்தைப் பண்பாட்டு அமைச்சகம் நேராகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் புனே திரைப்படக் கல்லூரியின் தலைவராக பா.ஜ.க.வைச் சேர்ந்த நடிகர் கஜேந்திர சௌகான் நியமிக்கப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இடது, வலது, நடு என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் பழக்கம் ஒன்றுதான்.

கேரளத்தில் இந்த மாதிரி நியமனத்தால் யாராவது பதவி இழந்ததுண்டா?

உண்டு, இரண்டு அமைச்சர்கள். 2016 அக்டோபரில் தொழில் அமைச்சர் இ.பி. ஜெயராஜன் ராஜினாமா செய்தார். அவருடைய உறவினரை அரசு நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்பில் போட்டதுதான் பிரச்சினை. பின்னர் விஜிலன்ஸ் (லஞ்ச ஒழிப்பு) விசாரணையில் வழக்கு நிற்காது என்றானது. 2018 ஆகஸ்டில் மீண்டும் அமைச்சரானார்.

இரண்டாவது விவகாரம் நம் விஷயத்துக்கு ரொம்ப நெருக்கம், ஏனென்றால் அது நேராக ஒரு நிதிக் கழகம். கேரள மாநிலச் சிறுபான்மையினர் வளர்ச்சி நிதிக் கழகத்தின் பொது மேலாளர் பதவிக்கு அமைச்சர் கே.டி. ஜலீலின் உறவினர் 2018-ல் வந்தார். அவருக்குப் பொருந்தும்படி பதவியின் கல்வித் தகுதியையே மாற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. சர்ச்சை கிளம்பியதும் அந்த உறவினர் விலகிவிட்டார், ஆனால் புகார் நின்றது. 2021 ஏப்ரல் 9-ஆம் தேதி, ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பான லோகாயுக்தா, அமைச்சர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகவும் சொந்தபந்தத்துக்குச் சலுகை காட்டியதாகவும் தீர்ப்புச் சொன்னது. அவர் பதவியில் தொடரக் கூடாது என்றும் சொன்னது. ஏப்ரல் 13-ல் ஜலீல் ராஜினாமா செய்தார். உயர் நீதிமன்றத்திலும் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். லோகாயுக்தா சட்டத்தின் 14-ஆம் பிரிவுதான் அப்படி ஒருவரைப் பதவியிலிருந்து இறங்கச் சொல்லும் பலத்தைக் கொடுத்தது. சட்டமன்றம் 2022-ல் அந்தப் பிரிவைத் தளர்த்தித் திருத்த மசோதா நிறைவேற்றியது. 2024 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். இனி அமைச்சர் மேல் லோகாயுக்தா அப்படி ஒரு முடிவு சொன்னால் அதை ஏற்பதா வேண்டாமா என்று முதலமைச்சர் தீர்மானிக்கலாம். ஜலீல் வழக்கில் வேலை செய்த கத்தியின் முனையை மழுக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து.

சலச்சித்ர அகாதமி விவகாரமும் மறக்க முடியாதது. 2021 ஜனவரியில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரமேஷ் சென்னித்தலா சட்டமன்றத்தில் ஒரு கடிதத்தை வெளியிட்டார். அகாதமித் தலைவராக இருந்த இயக்குநர் கமல் அமைச்சருக்கு எழுதியது. ஒப்பந்தத்தில் வேலை பார்த்த நான்கு பேரை நிரந்தரமாக்க வேண்டும், அவர்கள் இடதுசாரிகள், அகாதமியின் இடதுசாரி இயல்பைக் காக்க அது உதவும் என்பது அதன் கருத்து. வழக்கமாக இதெல்லாம் வாயால் பேசி முடிகிற காரியம். காகிதத்தில் வந்ததால்தான் நமக்குத் தெரிந்தது.

உறுப்பினர்களை நியமிக்காமல் தேர்தல் வைத்தால் சரியாகிவிடுமா?

இதற்கு எங்கள் நூலக கவுன்சிலே ஒரு பாடம். 1945-ல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கினார். அதுதான் பின்னால் கேரள கிரந்தசாலா சங்கமாக வளர்ந்தது. 1977-ல் அரசு அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. 1989-ல் கேரளப் பொது நூலகச் சட்டம் வந்து, 1994-ல் இப்போதைய மாநில நூலக கவுன்சில் அமைந்தது. இதன் அழகு என்னவென்றால், கீழிருந்து மேலே போகிறது. கிராமத்து வாயனசாலைகளின் பிரதிநிதிகள் தாலுகாவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். தாலுகாவிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலம். பணம் வரும் வழியையும் சட்டமே சொல்கிறது: கட்டட வரியில் ரூபாய்க்கு 5 பைசா நூலக வரி, அதோடு மாநிலக் கல்வி பட்ஜெட்டில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் அரசின் பங்கு. அமைச்சர் மனம் குளிர்ந்தால்தான் பணம் என்ற நிலை இல்லை.

ஆந்திரத்தைப் பாருங்கள். அங்கே 1960-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி வீட்டு வரியில் ரூபாய்க்கு 8 பைசா. வரி எங்களை விட அதிகம். ஆனால் மாவட்ட கிரந்தாலய சம்ஸ்தையின் (மாவட்ட நூலக அமைப்பின்) தலைவர் அரசு நியமிக்கும் ஆள். 'நாமினேட்டட் போஸ்ட்' என்று அங்கே எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல் இந்தப் பதவிக்கும் சேர்த்துத்தான். தேர்தலில் டிக்கெட் கிடைக்காதவருக்கு ஆறுதலாக எது கொடுக்கலாம் என்று பட்டியல் போடும்போது இதுவும் அதில் வந்துவிடுகிறது.

சரி, எங்கள் தேர்தலில் கட்சி இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. தாலுகாத் தேர்தலில் நிற்கும் பெயர்கள் ஒரு பேனலாகத்தான் வருகின்றன. பேனல் எங்கே தயாராகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வாயனசாலைகளில் எந்தக் கட்சி வலுவாக இருக்கிறதோ அதன் பேனல் ஜெயிக்கிறது. ஆனாலும் தேர்தல் வழியைத்தான் நான் ஆதரிப்பேன். வாக்காளர் பட்டியல் சுவரில் ஒட்டப்படுகிறது. ஆட்சேபணை சொல்ல நாள் இருக்கிறது. தோற்கிறவனுக்கு எத்தனை ஓட்டில் தோற்றோம் என்றாவது தெரிகிறது. நியமனத்தில் தோற்றவனுக்கு, தான் போட்டியில் இருந்தோமா என்பதே தெரியாது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் தனிக் கஷ்டம் என்ன?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒருமுறை எங்கள் வாயனசாலையைப் பார்வையிட ஒரு நிதிக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், கடும் வெயிலில் பஸ் பிடித்து வந்தவர். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அலமாரியைத் திறந்தார். ஆயிரத்துக்கு மேல் தமிழ்ப் புத்தகம். முதுகுப்பக்கத்தில் இருந்த எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மலையாளப் புத்தகம் இருந்த தட்டுக்கு வந்ததும் நின்று இரண்டு மூன்றை எடுத்துப் புரட்டி, "இது நல்ல கலெக்ஷன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஆயிரம் புத்தகமும் அவர் குறிப்பில் ஒரு எண்ணாக மட்டும்தான் போயிருக்கும்.

இது மொழிப் பிரச்சினை, இதில் கட்சி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். குழுவுக்குள் போகும் பாதை கட்சி வழியாக இருப்பதால் வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாக் கட்சியிலும் தமிழ் ஆட்கள் உண்டு. பஞ்சாயத்து மெம்பர் ஆகிறார்கள், பிரசிடென்ட் ஆகிறார்கள். ஆனால் திருச்சூரிலும் திருவனந்தபுரத்திலும் பெயர்ப் பட்டியல் போடும் மேசை வரை அவர்கள் குரல் போவதில்லை. மாநில அளவில் பார்த்தால் எங்கள் ஓட்டு சின்னது. கட்சி தன் ஆட்களைப் போடும்போது, தன் ஆட்களிலும் மேசைக்குப் பக்கத்தில் நிற்பவரைத்தான் போடும். தகுதியை எழுதி வைத்து விண்ணப்பம் கேட்டிருந்தால், தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் மீனாட்சிபுரத்திலிருந்தோ தேவிகுளத்திலிருந்தோ போட்டிருப்பார்.

இன்னொன்று நெஞ்சில் உறுத்துவது. பாலக்காட்டுப் பகவதி கோவில்களின் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் வரிசையாக விளக்கேற்றி, இரவெல்லாம் பாடுவது கம்பனின் பாட்டு. அதைக் கேரளத்தின் சொத்து என்று கொண்டாடுகிறார்கள், கொண்டாடவும் வேண்டும். அதே மாவட்டத்தில் மாரியம்மன் கோவில் முன்னால் எங்கள் பெண்கள் அடிக்கும் கும்மி மட்டும் 'தமிழ்நாட்டுக்காரர்களுடையது' ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் போய்க் கேட்டால், நீங்கள் கேரளத்துக்காரர்கள், அங்கே கேளுங்கள் என்கிறார்கள். செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் எங்களுக்கு இலை போடவில்லை.

தமிழில் விண்ணப்பம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் இருக்கும் அரசு அலுவலகங்களோடும் அப்படியே. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். குறை தீர்க்கக் கேட்கும் மனுவை மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது.

ஒரு சந்து இருக்கிறது. அகாதமியும் கழகமும் தன்னாட்சி அமைப்பு, அரசுத் துறை இல்லை என்று சொல்லி ஒதுங்கப் பார்ப்பார்கள். அப்போது அந்த அமைப்பு எந்தத் துறையின் கீழ் வருகிறதோ அந்தத் துறைச் செயலாளருக்குத் தமிழில் எழுதி, நகலை அமைப்புக்கு அனுப்புங்கள்.

உங்களுக்கே இப்படி நடந்திருக்கிறதா?

நடந்தது. பெயர் சொல்லப் போவதில்லை, அந்த ஆபீஸில் இப்போது இருப்பவர்கள் வேறு. எங்கள் கும்மிக் குழுவில் பதினாறு பேர். எல்லோரும் தோட்ட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்கள். பம்பை வாங்கவும், ஒரே மாதிரிச் சேலை எடுக்கவும், வெளியூர் நிகழ்ச்சிக்கு வேன் பிடிக்கவும் நாற்பதாயிரம் ரூபாய் கேட்டுத் தமிழில் எழுதிப் போட்டோம். மூன்று வாரத்தில் கவர் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் மலையாளத்தில் ஒரே வரி: மொழிபெயர்ப்பு இணைக்கவும். இணைத்து அனுப்பினோம். எட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு பட்டியல் வந்தது, அதில் நாங்கள் இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) நகல் வாங்கினேன். ஒரு பக்கம்கூட இல்லை. வந்த விண்ணப்பங்களைப் பரிசீலித்துக் கீழ்க்கண்டவற்றை அங்கீகரித்தது என்று ஒரு வரி, கீழே பதினெட்டுப் பெயர். மதிப்பெண் இல்லை, காரணம் இல்லை. பதினெட்டில் ஒரு சங்கத்தின் தலைவரும், அன்றைய கூட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்த உறுப்பினர்களில் ஒருவரும் ஒரே ஆள். அந்தச் சங்கம் நல்ல சங்கம்தான், நானே அவர்கள் நாடகம் பார்த்திருக்கிறேன். வேறு யார் முடிவு செய்திருந்தாலும் அவர்களுக்குக் கிடைத்திருக்கலாம். அப்படி இருக்கும்போது அவர் பத்து நிமிடம் வெளியே நின்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

குழுவில் மூத்தவரான ஒரு அம்மா அந்த நகலை வாங்கிப் பார்த்தார். அவருக்கு மலையாளம் படிக்க வராது. "இதுல எங்க பேரு எங்க கண்ணு இருக்குது?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வேண்டாம்னு எழுதின எடத்துல கூடவா இல்ல?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒரு குழுவில் என்ன நடந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம்தான் கையில் இருக்கும் நல்ல கருவி. நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர்கள் வெளியிட வேண்டியது நிறைய. 4(1)(b) பிரிவின்படி, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் கீழ் உள்ள குழுக்களின் விவரம், கூட்டங்களை மக்கள் பார்க்கலாமா, மினிட்ஸ் மக்களுக்குக் கிடைக்குமா என்பதை வெளியிட வேண்டும். மானியத் திட்டங்களில் எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் என்பதும் அதில் வரும். முதலில் அமைப்பின் தளத்தில் இது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதையே முதல் கேள்வியாக வையுங்கள்.

விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய். கேரளத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஆந்திரத்தில் கிராம அளவு ஆபீஸுக்குக் கட்டணமே இல்லை, மண்டல அளவில் ஐந்து ரூபாய், அதற்கு மேல் பத்து. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்தது சரியில்லை என்றால், முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மொழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது. தமிழில் மட்டும் போட்டால் அதையே சாக்காக வைத்து நாள் கடத்துவார்கள். இதற்கு மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிவிடுங்கள். உரிமைக்காக வாதாடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், நகல் கைக்கு வர வேண்டும்.

கேள்வியை எழுதும் விதம் ரொம்ப முக்கியம். "ஏன் எங்களுக்குத் தரவில்லை?" என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இந்தக் குழுவை அமைத்த அரசாணையின் நகல். உறுப்பினர் தகுதி பற்றிய விதியின் நகல். பதவிக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் அதன் நகல். இந்தத் தேதியில் நடந்த கூட்டத்தின் மினிட்ஸ், வருகைப் பதிவேடு. எல்லா விண்ணப்பங்களின் பட்டியல், மதிப்பெண் தாள். 'இல்லை' என்று பதில் வந்தால் அதுவும் நமக்குத் தேவையான ஆவணம்தான். மதிப்பெண் தாள் இல்லை என்று அவர்களே முத்திரை வைத்து எழுதிக் கொடுத்ததை விடப் பெரிய சாட்சி எது? ஒரு உறுப்பினரின் குடும்பம், சொத்து என்று சொந்த விவரங்களைக் கேட்காதீர்கள். அது மறுக்கப்படும், மற்ற கேள்விகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கோர்ட்டுக்குப் போனால் நியமனம் ரத்தாகுமா?

ரத்தாகலாம், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் காரணத்துக்காக ஆகாது. 'எந்த அதிகாரத்தில் இந்தப் பதவியில் இருக்கிறாய்' என்று கேட்கும் குவோ வாரண்டோ மனுவை, நேரடியாகப் பாதிக்கப்படாதவர்கூடப் போடலாம். ஆனால் நீதிமன்றம் பார்ப்பது சட்டம் சொன்ன தகுதியும் முறையும் மீறப்பட்டதா என்பதை. அவர் கட்சிக்காரர் என்று மட்டும் சொன்னால் மனு நிற்காது.

2011 மார்ச் 3-ஆம் தேதி, கேரளப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி பி.ஜே. தாமஸ் மத்திய விஜிலன்ஸ் ஆணையராக நியமிக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாமாயில் வழக்கில் அவர் மேல் குற்றப்பத்திரிகை இருந்ததைத் தேர்வுக் குழு கணக்கில் எடுக்கவில்லை. தனி மனிதரின் நேர்மை மட்டுமல்ல, அந்த நிறுவனத்தின் நம்பகமும் பார்க்கப்பட வேண்டும் என்றது. 2022 அக்டோபரில் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் ரத்தானது. மூன்றுக்குக் குறையாமல் பெயர் கொண்ட பட்டியல் வர வேண்டிய இடத்தில் தேடல் குழு ஒரே ஒரு பெயரை அனுப்பியதுதான் முக்கியமான காரணம். இரண்டிலும் ஜெயித்தது காகிதம். அதனால்தான் முதலில் காகிதத்தைச் சேருங்கள் என்று சொல்கிறேன். எங்கள் நாற்பதாயிரம் ரூபாய்க்கு எர்ணாகுளத்துக்கு வக்கீல் வைத்து அலைய முடியாது என்பதும் உண்மை.

ஆந்திர எல்லைப் பக்கம் நிலைமை எப்படி?

நகரி, சத்தியவேடு, ஆந்திரத்துச் சித்தூர் பக்கத்துத் தமிழர்களுக்கு ரொம்பப் பரிச்சயமானது திருமலை திருப்பதி தேவஸ்தான போர்டு. 2021 செப்டம்பரில் போர்டு உறுப்பினர்கள் போக ஐம்பது பேருக்கு மேல் சிறப்பு அழைப்பாளர்கள் என்று அரசாணை வந்தது. சட்டத்தில் அப்படி ஒரு இடமே இல்லை என்று வழக்குப் போனது, ஆந்திர உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. மறுபக்கம் ஒரு நல்ல காரியமும் அங்கே நடந்திருக்கிறது. 2019-ல் நியமனப் பதவிகளில் பாதியைப் பிற்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினருக்கும், பாதியைப் பெண்களுக்கும் ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். ஒதுக்கீட்டுக்குள்ளும் கட்சி ஆள்தான் வருவார் என்று சொல்லலாம். வரட்டும். கதவு அகலமானது அகலமானதுதான்.

கட்சி சம்பந்தமே இல்லாதவர்களை மட்டும் போட்டால் தீருமா?

தீராது. அப்படித் தேடினால் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நகரத்துப் பெரிய மனிதர்களும்தான் வருவார்கள். கொடி இல்லை என்பதால் சார்பு இல்லை என்றாகிவிடாது. பிரிட்டனில் கலைக்கு நிதி கொடுக்க 1946-ல் கலைக் கவுன்சில் அமைத்தபோதே அமைச்சர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். நியமனங்கள் பற்றிப் புகார் வலுத்ததும், பொது வாழ்வின் ஒழுங்கைப் பார்க்க அமைத்த நோலன் குழுவின் 1995 அறிக்கைக்குப் பிறகு, பொது நியமனங்களைக் கண்காணிக்கத் தனி ஆணையரை வைத்தார்கள். அங்கே எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று: நியமிக்கப்படுகிறவர் கடந்த ஐந்து ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க கட்சி வேலை செய்திருந்தால் அதை நியமன அறிவிப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். கட்சியில் இருக்காதே என்று சொல்லவில்லை. இருந்தால் சொல் என்கிறார்கள். அங்கேயும் சண்டை ஓயவில்லை, ஆனால் சண்டை வெளிச்சத்தில் நடக்கிறது.

எங்கள் ஊர்க் குழு என்ன கேட்க வேண்டும்?

பெரிய சீர்திருத்தம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். நாங்கள் பஞ்சாயத்து வழியாகவும் எம்.எல்.ஏ. வழியாகவும் எழுதிக் கேட்டு வருவது இவ்வளவுதான்: மானிய அறிவிப்பைச் சித்தூர், தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் தமிழிலும் ஒட்டுங்கள். தமிழ் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது உட்கார வையுங்கள், உறுப்பினராக வேண்டாம், அழைப்பாளராகப் போதும். மறுத்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இரண்டு வரிக் காரணம் எழுதுங்கள். தன் சங்கத்தின் பெயர் வரும்போது உறுப்பினர் வெளியே போனார் என்று மினிட்ஸில் குறியுங்கள். இதில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம், பணமும் வேண்டாம்.

கிராம சபையில் எழுந்து இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எல்லாக் கட்சி மெம்பர்களும் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் வார்டில் போட்டார்கள்.

இப்படிக் கேட்டால் அடுத்த முறை சுத்தமாகக் கிடைக்காமல் போய்விடாதா?

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. எங்கள் குழுவில் இரண்டு பேர் தகவல் உரிமை மனுவே வேண்டாம் என்றார்கள். "பகைச்சுக்கிட்டு என்ன ஆகப் போவுது" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் மனுவைக் கும்மிக் குழுவின் பெயரில் போடவில்லை, என் பெயரில் போட்டேன். நீங்களும் அப்படியே செய்யலாம். மனு போடுகிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது.

அடுத்த முறை பணம் கிடைத்ததா என்றால், அதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கடிதம் வந்தது. நிகழ்ச்சி நடத்திய சான்றுகள் போதவில்லை என்று காரணம் எழுதியிருந்தது. அன்று முதல் ஒவ்வொரு திருவிழாவிலும் போட்டோ எடுத்து, கோவில் கமிட்டியிடம் சீட்டு வாங்கி ஃபைலில் வைக்கிறோம். இப்போது அதில் பதினொன்று சேர்ந்திருக்கிறது. அந்த ஃபைலும், மினிட்ஸ் நகலும், நாங்கள் போட்ட மனுக்களின் மாதிரியும் வாயனசாலை மேசையில் இருக்கின்றன. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்போம், எட்டு வரை இருப்பேன். வேண்டுகிறவர்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.